அவன்தானா என்று எப்படித் தெரியும்? – அடக்குமுறைக்குள் எடுக்கப்படும் பழிவாங்கல் படங்கள்

வாகித் ஒரு மெக்கானிக். ஒரு ராத்திரி, காரில் நாய் அடிபட்டு வண்டி பழுதாகி நின்றுபோன ஒரு குடும்பஸ்தன் அவன் இருக்கும் இடத்துக்கு உதவி கேட்டு வருகிறான். கர்ப்பிணி மனைவி, சின்னப் பெண் குழந்தை, பார்த்தால் நம்மைப்போல ஒரு சாதாரண ஆள். அவன் நடக்கும்போது செயற்கைக் கால் கிறீச்சிடுகிறது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் வாகித் உறைந்துபோகிறான். கூலி பாக்கி கேட்டுப் போராடியதற்காகச் சிறைக்குப் போன காலத்தில் தன்னை நாள்கணக்கில் வதைத்தவனின் காலடிச் சத்தம் அது. மறுநாள் அவனைத் தேடிப்போய், அடித்துத் தன் வேனில் போட்டுக்கொண்டு பாலைவெளிக்குப் போகிறான், குழி வெட்டுகிறான், உயிரோடு புதைக்க மண்ணைத் தள்ளவும் தொடங்கிவிடுகிறான். குழிக்குள் கிடப்பவன் "நான் இல்லை, ஆள் மாறிவிட்டது" என்று கதறுகிறான். வாகித்தின் கை நின்றுவிடுகிறது.

ஈரானிய இயக்குநர் ஜாஃபர் பனாஹி எடுத்த 'இட் வாஸ் ஜஸ்ட் ஆன் ஆக்சிடென்ட்' இப்படித்தான் ஆரம்பிக்கிறது. 2025 மே மாதம் கான் திரைப்பட விழாவில் அதன் உச்ச விருதான தங்கப் பனையை வாங்கிய படம். இதைப் பற்றி எழுதியவர்களில் பலர் "பழிவாங்குவதா, மன்னிப்பதா" என்ற கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அது தப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி இன்னும் எளிமையானது, இன்னும் கொடுமையானது: இவன்தானா அவன்? அதை எப்படி நிச்சயமாகத் தெரிந்துகொள்வது? பழிவாங்கும் படங்களில் வழக்கமாக இந்தக் கேள்வியே வராது. வில்லன் யார் என்று நாயகனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும், எப்போது போய்ச் சேருவான் என்பது மட்டும்தான் மிச்சம். அடக்குமுறைக்குள் இருந்து வரும் படங்களில் அந்த வசதி கிடையாது, அதற்கு ஒரு மிக நேரடியான காரணம் இருக்கிறது.

காரணம், கண்கட்டு.

ஈரானில் அரசியல் கைதிகளை விசாரிக்கும் முறை பற்றி அங்கிருந்து வெளியே வந்தவர்கள் பல பத்தாண்டுகளாக ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். கண்ணைக் கட்டி, சுவரைப் பார்த்து உட்காரவைத்து, விசாரணை செய்பவர் பின்னால் நின்றுகொண்டு கேள்வி கேட்பார். காகிதமும் பேனாவும் வரும், கட்டை லேசாக உயர்த்தி அந்தக் காகிதத்தை மட்டும் பார்த்து எழுத வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. பெயரும் உண்மைப் பெயராக இருக்காது, ஏதோ ஒரு புனைபெயர், இல்லையென்றால் பொதுவான ஒரு மரியாதைச் சொல். பனாஹியே இப்படி உட்கார்ந்திருக்கிறார். 2010இல் ஏறக்குறைய 3 மாதம், பிறகு 2022 ஜூலையிலிருந்து 2023 பிப்ரவரி வரை ஏறக்குறைய 7 மாதம் டெஹ்ரானின் எவின் சிறையில் இருந்தார். பின்னாலிருந்து வரும் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு, இந்த ஆள் யார், என்ன வயது, வெளியே எப்படி வாழ்கிறான் என்று யோசித்துக்கொண்டே இருந்ததாகவும், வெளியே எங்காவது அந்தக் குரலைக் கேட்டால் அடையாளம் தெரியுமா என்ற எண்ணம் அப்போதே ஓடியதாகவும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படத்தின் விதை அதுதான்.

கண்கட்டு என்பது பயமுறுத்துவதற்கான உத்தி மட்டும் இல்லை, எதிர்காலத்தை முன்கூட்டியே கணக்குப்போட்டுச் செய்யும் ஏற்பாடு. இன்றைக்கு அரசு உன் பக்கம், நாளைக்கு எப்படியோ. அன்றைக்கு ஒரு நீதிமன்றம் வந்தால் உன்னை அடையாளம் காட்ட ஒருத்தர்கூட இருக்கக்கூடாது. சாட்சிக்கு உடம்பில் தழும்பு இருக்கும், சொல்வதற்கு வார்த்தை இருக்கும், சுட்டிக்காட்ட முகம் மட்டும் இருக்காது. நீதியை மறுப்பது மட்டும் அல்ல, பழியைக்கூட எடுக்க முடியாதபடி செய்துவிடுகிற ஏற்பாடு இது, ஏனென்றால் பழிக்கும் ஒரு முகவரி வேண்டுமே.

வாகித் என்ன செய்கிறான்? அந்த ஆளைக் கட்டி வேனில் ஒரு பெட்டிக்குள் போட்டுக்கொண்டு, கூட இருந்த பழைய கைதிகளைத் தேடிப் போகிறான். ஷிவா கல்யாணப் போட்டோ எடுப்பவள், அப்போது வேலையாக இருக்கிறாள். அவள் படம் எடுத்துக்கொண்டிருக்கும் மணப்பெண்ணும் ஒரு முன்னாள் கைதி. கல்யாணப் பாவாடையோடு அவளும் வேனில் ஏறிவிடுகிறாள், ஒன்றும் புரியாத மாப்பிள்ளையும் கூடவே. அப்புறம் ஹமீத் என்று ஒருவன், கோபத்தைத் தவிர அவனிடம் எதுவும் மிஞ்சவில்லை. இவர்களில் யாரும் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. ஒருவருக்குச் சத்தம் தெரியும், ஒருவருக்கு வியர்வை வாடை தெரியும், ஒருவருக்குக் கையால் தொட்டால் அந்தக் காலின் தழும்பு தெரியும். ஆளுக்கு ஒரு துண்டு. துண்டுகளைச் சேர்த்தால் ஒரு மனிதன் வருகிறானா என்று பார்க்கிறார்கள்.

போலீஸ் நிலையத்தில் அடையாள அணிவகுப்பு என்று நடத்துவார்களே, அதைத்தான் இவர்கள் ஒரு வேனுக்குள் நடத்துகிறார்கள். சாட்சி இருக்கிறது, குறுக்கு விசாரணை இருக்கிறது, சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் கொடுக்கலாமா என்ற சண்டைகூட இருக்கிறது. அரசாங்கம் நடத்தியிருக்க வேண்டிய ஒரு வழக்கை, பயிற்சியும் அதிகாரமும் இல்லாத, தூக்கம் கெட்ட நாலு பேர் ரோட்டில் நடத்த வேண்டியிருக்கிறது. நடுவில் காவலாளிகள் வந்து லஞ்சம் கேட்கிறார்கள், கையில் காசு இல்லை என்றால் கார்டு தேய்க்கும் மெஷினை நீட்டுகிறார்கள். அரங்கில் எல்லோரும் சிரிக்கும் இடம் அது. சிரித்துக்கொண்டே அந்த ஊரில் சட்டம் எந்த நிலைமையில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுகிறோம்.

இதெல்லாம் கதைக்காகச் சோடித்த சிக்கல் என்று தோன்றினால், ஸ்டாக்ஹோமில் நடந்த ஒரு வழக்கைப் பார்க்க வேண்டும். 1988 கோடையில் ஈரான் சிறைகளில் ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகள், பெரும்பாலும் ஏற்கனவே தண்டனை பெற்று அதை அனுபவித்துக்கொண்டிருந்தவர்கள், சில நிமிட விசாரணைக்குப் பின் ரகசியமாகத் தூக்கிலிடப்பட்டார்கள். டெஹ்ரானுக்கு மேற்கே இருக்கும் கோஹர்தஷ்த் சிறையில் 'ஹமீத் அப்பாசி' என்ற பெயரில் ஓர் அதிகாரி இருந்ததாகப் பிழைத்தவர்கள் சொல்லிவந்தார்கள். 2019 நவம்பரில் ஹமீத் நூரி என்ற ஈரானியர் ஸ்வீடனுக்குப் பயணம் வந்தபோது விமான நிலையத்திலேயே கைதானார். அவருடைய வாதம் என்ன தெரியுமா? நான் அவன் இல்லை, ஆள் மாறிவிட்டது. குழிக்குள் கிடந்தவன் சொன்ன அதே வாக்கியம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்த விசாரணையில் பிழைத்தவர்களும் இறந்தவர்களின் குடும்பங்களும் டஜன்கணக்கில் சாட்சி சொன்னார்கள். கண்கட்டுக்கு அடியில் தெரிந்த இடுக்கு வழியாக எதைப் பார்த்தோம், எந்தக் குரலைக் கேட்டோம், எந்த நடைக்கூடத்தில் உட்காரவைத்தார்கள், யார் வந்து பெயர் வாசித்தார்கள் என்றெல்லாம் 33 வருஷத்துக்குப் பிறகு நினைவிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. சாட்சிகளில் சிலர் அல்பேனியாவில் வசித்ததால் நீதிமன்றமே கொஞ்ச காலம் அங்கே போய் அமர்ந்தது. 2022 ஜூலையில் ஆயுள் தண்டனை. 2024 ஜூனில் ஈரானில் பிடித்துவைக்கப்பட்டிருந்த 2 ஸ்வீடன் குடிமக்களுக்கு மாற்றாக அவரை விடுவித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தீர்ப்பு தீர்ப்பாகவே இருக்கிறது, ஆள் மட்டும் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். சாட்சி சொன்னவர்களுக்கு அது என்ன மாதிரி நாளாக இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு மனசு கனக்கிறது.

சிரியா விஷயத்திலும் இதே கதை. 2014இல் பெர்லினில் அகதிகள் தங்கும் இடத்தில் அன்வர் அல்-புன்னி என்ற சிரிய வழக்கறிஞர் ஓர் ஆளைப் பார்க்கிறார், தெரிந்த முகம், எங்கே பார்த்தோம் என்று பிடிபடவில்லை. அந்த ஆள் டமாஸ்கஸில் ஒரு தடுப்பு மையத்தின் விசாரணைப் பிரிவுக்குத் தலைவராக இருந்த கர்னல் அன்வர் ரஸ்லான் என்று பிறகுதான் தெரிகிறது. ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றம் 2022 ஜனவரியில் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. பிரெஞ்சில் 2024இல் ஜோனதன் மியே எடுத்த 'லே ஃபாந்தோம்' படமும் இந்தத் தேடலைப் பற்றியதுதான். ஸ்ட்ராஸ்பர்கில் வாழும் சிரிய அகதி ஒருவன், தான் முகம் பார்த்திராத சித்திரவதைக்காரனைப் பல்கலைக்கழக வளாகத்தில் நிழல்போலத் தொடர்கிறான். அதிலும் குரலும் வாடையும் காலடியும்தான் ஆதாரம்.

இந்த வரிசையின் மூத்த வேர் சிலியில் இருக்கிறது. ராணுவத் தளபதி பினோசேயின் சர்வாதிகார ஆட்சி அங்கே 1973இலிருந்து 1990 வரை நடந்தது. ஜனநாயகம் திரும்பியதும் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது, அதன் தலைவர் பெயரால் ரெட்டிக் குழு என்பார்கள். ஆனால் அந்தக் குழு விசாரித்தது கொல்லப்பட்டவர்களையும் காணாமல் ஆக்கப்பட்டவர்களையும் மட்டும்தான். வதைக்கப்பட்டு உயிரோடு வெளியே வந்தவர்கள் அதில் வரவில்லை. அப்போதும் பினோசேதான் ராணுவத் தளபதி, 1978இல் போட்ட பொதுமன்னிப்புச் சட்டம் அப்போதும் அமலில் இருந்தது, ரொம்ப நோண்டினால் மறுபடி ராணுவம் வந்துவிடுமோ என்ற பயம் வேறு. அந்தச் சமயத்தில் சிலி எழுத்தாளர் ஏரியல் டோர்ஃப்மன் எழுதி 1991இல் மேடையேறிய 'டெத் அண்ட் தி மெய்டன்' நாடகத்தில் பவுலினா என்ற பெண், தன் வீட்டுக்கு வந்த டாக்டரின் குரலைக் கேட்டு, கண்ணைக் கட்டித் தன்னைச் சீரழித்தவன் இவன்தான் என்று முடிவுசெய்து நாற்காலியில் கட்டிப்போடுகிறாள். அவளுடைய கணவன் அதே மாதிரி ஒரு விசாரணைக் குழுவுக்கு நியமிக்கப்பட்ட வக்கீல். வெளியே அவன் அமரப்போகும் குழுவில் அவன் மனைவியின் வழக்குக்கு இடம் இல்லை, ஏனென்றால் அவள் சாகவில்லை.

இந்த ஓர் ஏற்பாட்டிலேயே அந்த நாடகத்தின் முழுக் கோபமும் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். பவுலினா கேட்பது தலை அல்ல, வாக்குமூலம். செய்ததை ஒப்புக்கொண்டு சொல், அது போதும் என்கிறாள். அதைத்தான் அவளுக்கு யாரும் தரத் தயாராக இல்லை. பிற்காலத்தில், 2003இல், உயிர் பிழைத்தவர்களுக்காக வாலெச் குழு என்று இன்னொன்று அமைந்தது, 27,000க்கும் மேற்பட்டோரின் வதையை அங்கீகரித்தது. ஆனால் அவர்கள் கொடுத்த வாக்குமூலங்களை 50 வருஷத்துக்கு வெளியிடக்கூடாது என்று 2004இல் சட்டமும் போட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களின் அந்தரங்கத்துக்காக என்று காரணம் சொல்லப்பட்டது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் வதைத்தவர்களின் பெயரும் அதே பெட்டிக்குள்தான் கிடக்கிறது.

திரும்ப ஈரானுக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கே பழி என்ற விஷயத்துக்கு வேறெங்கும் சுலபமாகப் பார்க்க முடியாத ஒரு சட்ட இடம் இருக்கிறது, அது தெரியாமல் பனாஹி படத்தைப் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். ஈரானின் தண்டனைச் சட்டத்தில் கிசாஸ் என்று ஒன்று உண்டு, சமப்பழி. கொலை வழக்கில் குற்றம் நிரூபணம் ஆனால், கொலையாளியின் உயிர் யார் கையில் என்றால் அரசிடம் இல்லை, இறந்தவரின் குடும்பத்திடம். தூக்கு வேண்டும் என்று கேட்கலாம், மன்னிக்கலாம், தியா என்ற இழப்பீட்டுப் பணம் வாங்கிக்கொண்டு விடலாம். குடும்பத்தினர் தாங்களே காலடி நாற்காலியை எட்டி உதைத்த சம்பவங்களும் உண்டு. 2014இல் மாசாந்தரான் மாகாணத்தில் ஒரு தாய், தன் மகனைக் கொன்றவன் கழுத்தில் கயிறோடு நிற்கும்போது அருகே போய் அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டு, பிறகு கயிற்றை அவிழ்த்துவிட்ட படங்கள் உலகம் முழுக்க வெளிவந்தன.

அதாவது பழிவாங்குவது என்பது அங்கே சட்டத்துக்கு வெளியே நடக்கும் காட்டுத்தனம் இல்லை, சட்டமே கையில் எடுத்துக் கொடுக்கும் உரிமை. ஆனால் கொன்றது பக்கத்து வீட்டுக்காரன் என்றால்தான் அந்த உரிமை செல்லும். கொன்றது அரசு என்றால், உயிரும் உன் கையில் இல்லை, மன்னிப்பும் உன் கையில் இல்லை, பல சமயம் பிணம்கூட உன் கையில் இல்லை. 1988இல் கொல்லப்பட்டவர்கள் பலர் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று குடும்பங்களுக்கு இன்றுவரை முறையாகச் சொல்லப்படவில்லை.

மர்யம் மொகாதமும் பெஹ்தாஷ் சனாயிஹாவும் சேர்ந்து எடுத்த 'பாலட் ஆஃப் எ ஒயிட் கவ்' இந்த இடைவெளியில்தான் நிற்கிறது. மீனாவின் கணவனைத் தூக்கிலிட்ட பிறகு, அவன் கொலையே செய்யவில்லை என்று தெரியவருகிறது. அரசு அவளுக்கு தியா தருகிறோம் என்கிறது, சட்டப்படி எல்லாம் சரிதானே என்ற தொனியில். அவள் கேட்பது மன்னிப்பு. தீர்ப்பில் கையெழுத்துப் போட்டவரோ தான் யார் என்பதை மறைத்துக்கொண்டு, கணவனின் பழைய நண்பன் என்று சொல்லி அவளுக்கு உதவ வருகிறார். இங்கே கண்கட்டு வேறு வடிவத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். யாரை வெறுக்க வேண்டும் என்றே தெரியாமல் அவனோடு ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

இந்தப் பின்னணியில் வாகித் குழியை மூடாமல் நிறுத்துவதைப் பார்த்தால், அது மனசு இளகியதால் வந்த தயக்கமாக எனக்குத் தோன்றவில்லை. ஆதாரம் இல்லாமல், அவசரமாக, பாலைவெளியில் ஓர் ஆளைப் புதைப்பது யார் செய்கிற வேலை என்று அவனுக்குத் தெரியும், அதே வேலையைச் செய்ய அவன் கை மறுக்கிறது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம் பக்கம் சொல்வார்கள். வேனுக்குள் நடக்கும் சண்டையில் பாதி இதுதான். இவன் வெறும் அம்பா, எய்தவனும் இவன்தானா, அம்புக்கென்று தனியாகப் பொறுப்பு கிடையாதா? ஹமீதின் பதில் சுலபமானது: கொன்றுவிடு, பிறகு யோசிக்கலாம். ஷிவாவின் பதிலைப் படம் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகிறது. இதற்கு மேல் சொன்னால் பார்க்காதவர்களுக்குக் கெட்டுவிடும், குறிப்பாகக் கடைசிக் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தையும் படிக்காமல் போய்ப் பார்ப்பது நல்லது.

அம்பின் பக்கம் நின்று இதே விஷயத்தைப் பார்த்தவர் இன்னோர் ஈரானிய இயக்குநர் முகமது ரசூலோஃப். 2020இல் பெர்லின் திரைப்பட விழாவின் உச்ச விருதான தங்கக் கரடியை வாங்கிய அவருடைய 'தேர் இஸ் நோ ஈவில்' மரண தண்டனையை நிறைவேற்றும் சாதாரண மனிதர்களைப் பற்றிய 4 கதைகள். அதிகாரிகளின் கண்ணில் படாமலிருக்க 4 தனித்தனிக் குறும்படங்கள் என்று காட்டி எடுத்தார்கள். முதல் கதையில் ஒரு மனிதன் மனைவியை அழைத்துவருகிறான், மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவருகிறான், அம்மாவைப் பார்த்துக்கொள்கிறான், எல்லாம் மெதுவாக, அலுப்பூட்டும்படியாக. விடிவதற்கு முன்னால் வேலைக்குப் போய் ஒரு பொத்தானை அழுத்துகிறான். அதற்குப் பிறகு திரையில் வருவதைப் பார்த்தவர்கள் யாரும் மறக்கமாட்டார்கள்.

அவருடைய அடுத்த பெரிய படம் 'தி சீட் ஆஃப் தி சேக்ரட் ஃபிக்' 2024இல் வந்தது. 2022 செப்டம்பரில், தலைமுக்காட்டு விதிக்காகக் கைதான மாசா அமினி என்ற இளம்பெண் காவலில் இறந்த பிறகு எழுந்த போராட்டத்தின் நடுவே, புரட்சிகர நீதிமன்றத்தில் விசாரணை நீதிபதியாகப் பதவி உயர்வு பெற்ற ஒருவரின் வீட்டில் நடக்கும் கதை. வழக்கைப் படிக்காமலேயே மரண தண்டனைக் கோப்பில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், முதலில் தயங்குகிறார், பிறகு பழகிப்போகிறார். வீட்டில் வைத்திருந்த துப்பாக்கி காணாமல் போகிறது. அப்போது அவர் செய்வது என்ன? தன் மனைவியையும் மகள்களையும் தன் சக ஊழியர் ஒருவரிடம் கூட்டிப்போய் கண்ணைக் கட்டி விசாரிக்கவைக்கிறார். அலுவலகத்தில் ஊரான் பிள்ளைக்குக் கட்டிய துணி வீட்டுப் பிள்ளையின் கண்ணுக்கு வர எவ்வளவு குறைந்த தூரம் என்பதை இதைவிட நேராகச் சொல்ல முடியாது. இந்தப் படத்தின் விதையும் சிறையில்தான் விழுந்தது. 2022இல் ரசூலோஃப் எவினில் இருந்தபோது ஒரு சிறை அதிகாரி அவரிடம் வந்து, அப்பா நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள், இந்தச் சிறை வாசலிலேயே தூக்கு மாட்டிக்கொள்ளலாமா என்று நினைக்கிறேன் என்று சொன்னாராம்.

இதற்கெல்லாம் நேர் எதிரான ஒரு நிலைமையும் உண்டு, கண்கட்டே தேவைப்படாத நிலைமை. இந்தோனேசியாவில் 1965–66இல் கம்யூனிஸ்டுகள் என்று முத்திரை குத்தி 5 லட்சம் பேருக்குக் குறையாமல் கொன்றார்கள், கொன்றவர்கள் பல பத்தாண்டுகள் அதிகாரத்தில் இருந்தார்கள், ஒருவர்மேலும் வழக்கு நடக்கவில்லை. ஜோஷுவா ஓப்பன்ஹைமர் 2014இல் எடுத்த 'தி லுக் ஆஃப் சைலன்ஸ்' ஆவணப்படத்தில் ஆதி என்ற கண்பரிசோதகர், தன் அண்ணனைக் கொன்றவர்களின் வீடுகளுக்கே போய், அவர்களுக்குக் கண்ணாடிக்கு அளவெடுத்துக்கொண்டே, அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார். அவர்கள் மறைப்பதில்லை, பெருமையாகவே சொல்கிறார்கள். இங்கே 'அவன்தானா' என்ற கேள்விக்கே இடம் இல்லை. அவன்தான் என்று ஊருக்கே தெரியும், தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாது. ஆதி கேட்பதும் பழி அல்ல. செய்தது தப்பு என்று ஒருவராவது ஒப்புக்கொண்டால் பக்கத்து வீட்டுக்காரர்களாக வாழ முடியும் என்று நினைக்கிறார். அந்தப் படம் வெளியாகும் முன் அவருடைய குடும்பமே ஊரைவிட்டு இடம்பெயர வேண்டியிருந்தது. படத்தின் பெயர்ப்பட்டியலில் உள்ளூர்க் கலைஞர்கள் பலருக்குப் பெயரே இல்லை, 'பெயர் வேண்டாதவர்' என்று மட்டும் வரிசையாக வருகிறது.

சரி, இப்படிப்பட்ட படங்கள் எப்படி எடுக்கப்படுகின்றன? கதைக்கும் எடுக்கும் முறைக்கும் சம்பந்தம் இருப்பதால் அதையும் சொல்ல வேண்டும். ஈரானில் கலாசார, இஸ்லாமிய வழிகாட்டல் அமைச்சகம் படப்பிடிப்புக்கு ஓர் அனுமதி, திரையிட இன்னோர் அனுமதி தருகிறது. திரையில் பெண்கள் தலையை மூட வேண்டும், தன் வீட்டுக்குள் தனியாக இருக்கும் காட்சியானாலும். பல இயக்குநர்கள் இந்தப் பொய்யைத் தவிர்க்கவே வீட்டுக் காட்சிகளைக் குறைத்துவிடுவார்கள். பனாஹிக்கு 2010 டிசம்பரில் 6 வருஷச் சிறையும், 20 வருஷம் படம் எடுக்க, கதை எழுத, பேட்டி கொடுக்க, நாட்டைவிட்டு வெளியேறத் தடையும் விதித்தார்கள். அந்தத் தடைக்குள்தான் தன் வீட்டிலேயே ஒரு படம், தானே டாக்ஸி ஓட்டிக்கொண்டு ஒரு படம் என்று எடுத்துத் தள்ளினார். டாக்ஸி படம் 2015இல் பெர்லினில் தங்கக் கரடி வாங்கியபோது அதை மேடையில் வாங்கிக்கொண்டது அதில் நடித்த அவருடைய உடன்பிறந்தவரின் மகள், சின்னப் பெண்.

கார் அவருடைய படங்களில் ஏன் இவ்வளவு வருகிறது என்றால் முதல் காரணம் அழகியல் இல்லை, பாதுகாப்பு. வண்டிக்குள் கேமரா இருந்தால் வெளியே தெரியாது, கூட்டம் கூடாது, நகர்ந்துகொண்டே இருக்கலாம். புதுப் படத்திலும் அந்த வேன் அப்படித்தான் வந்திருக்க வேண்டும், ஆனால் அதுவே கதைக்கும் பொருந்திவிட்டது: கடத்திய ஆளை வைத்துக்கொண்டு நகரத்தில் சுற்றுபவர்களும் ஒளிந்துதான் திரிகிறார்கள், அவர்களைப் படம் எடுப்பவர்களும் ஒளிந்துதான் திரிகிறார்கள். அனுமதி கேட்காமல், சின்னக் குழுவோடு எடுத்தார்கள். படப்பிடிப்பு முடியும் தறுவாயில் சாதாரண உடையில் போலீஸ்காரர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள், எடுத்த காட்சிகள் அவர்கள் கையில் சிக்கவில்லை, கொஞ்ச நாள் நிறுத்திவைத்துப் பிறகு இன்னும் சின்னக் குழுவோடு முடித்தார்கள். சிறையிலிருந்த அனுபவம் உள்ள மனித உரிமைச் செயல்பாட்டாளர் மெஹ்தி மஹ்மூதியன் வசனத்தில் உதவினார். வேனுக்குள் பேசுகிறவர்களின் பேச்சில் இருக்கும் துல்லியம் அப்படி வந்ததுதான்.

வெளிநாட்டுப் பணத்தில், வெளிநாட்டு விழாக்களுக்காக எடுக்கப்படும் படங்கள்தானே இவை என்று ஒரு குற்றச்சாட்டு எப்போதும் உண்டு. ஈரான் அரசுத் தரப்பு சொல்வது இருக்கட்டும், நல்ல ரசிகர்களே சிலர் சொல்கிறார்கள். இந்தப் படங்கள் போன வருஷங்களில் ஆஸ்கரின் சர்வதேசப் படப் பிரிவுக்கு ஒரு நாடு ஒரு படத்தைத்தான் அனுப்ப முடிந்தது, தேர்வு செய்தது அந்தந்த நாட்டுக் குழு. தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் படத்தை ஈரான் அனுப்புமா? அதனால்தான் ரசூலோஃபின் படம் ஜெர்மனியின் பெயரிலும் பனாஹியின் படம் பிரான்ஸின் பெயரிலும் போயின. தயாரிப்பில் அந்த நாடுகளுக்குப் பங்கு இருந்தது, உண்மை. ஆனால் விழாவுக்காக எடுக்கிறார்கள் என்று சொல்கிறவர்கள் கொடுக்கப்படும் விலையை ஒரு முறையாவது கணக்குப் பார்க்க வேண்டும். விருது ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும், வழக்கு முடியாது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு நடுநிலை கிடையாது.

ரசூலோஃபுக்கு 2024 மே மாதம் 8 வருஷச் சிறையும் கசையடியும் உறுதியானதும் மலை வழியாக நடந்தே எல்லையைத் தாண்டினார். 'சேக்ரட் ஃபிக்' படத்தின் இளம் நடிகைகள் 3 பேரும் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். ஆனால் அப்பாவாகவும் அம்மாவாகவும் நடித்த மிஸ்ஸாக் ஸாரேயும் சொஹைலா கோலெஸ்தானியும் ஈரானிலேயே இருந்தார்கள், கானுக்கு வர முடியவில்லை, அவர்கள்மேல் வழக்கு தொடுக்கப்பட்டது. சிவப்புக் கம்பளத்தில் ரசூலோஃப் அவர்கள் இருவரின் புகைப்படங்களை இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பனாஹி வேறு முடிவு எடுத்தார். தங்கப் பனையோடு டெஹ்ரானுக்கே திரும்பிப் போனார், விமான நிலையத்தில் ஆட்கள் கைதட்டி வரவேற்றார்கள். 2025 டிசம்பரில் அவர் வெளிநாட்டில் இருந்தபோது, அவர் ஆஜராகாமலேயே, அரசுக்கு எதிரான பிரச்சாரம் என்ற குற்றத்துக்கு 1 வருஷச் சிறையும் 2 வருஷப் பயணத் தடையும் விதித்துத் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகும், படத்துக்கான வெளிநாட்டு வேலைகள் முடிந்ததும் ஈரானுக்குத் திரும்பிவிடுவேன் என்றுதான் சொன்னார்.